அரை மில்லிமீட்டருக்கு ஒரு துப்பாக்கி

பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் இலக்கின் நடுப்புள்ளிக்கு விட்டம் 0.5 மி.மீ. இந்தப் பக்கத்தில் இருக்கும் முற்றுப்புள்ளி அளவுதான். சுடும் இடத்தில் நின்று பார்த்தால் அது கண்ணுக்கே தெரியாது. தெரிவதெல்லாம் அதைச் சூழ்ந்த 30.5 மி.மீ. கருவட்டம் மட்டுமே. 4.5 மி.மீ. விட்டமுள்ள ஈய பெல்லட்டின் மையம் அந்தப் புள்ளியின் மையத்திலிருந்து கால் மில்லிமீட்டருக்குள் விழுந்தால் 10.9. அதற்கு மேல் ஒவ்வொரு கால் மில்லிமீட்டர் விலகலுக்கும் 0.1 குறைந்துகொண்டே போகும். தகுதிச் சுற்றில் இப்படி 60 முறை சுட வேண்டும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இந்தச் சுற்றில் 630.7 எடுத்தார். கிடைத்த இடம் 10. இறுதிச் சுற்றுக்குப் போவது எட்டுப் பேர்தான். அதே சுற்றில் ரமிதா ஜிண்டால் 631.5 எடுத்து 5-ஆம் இடத்தில் உள்ளே போனார். இருவருக்கும் வித்தியாசம் 0.8. அதை 60 ஷாட்டுக்குப் பிரித்துப் பாருங்கள்: ஒரு ஷாட்டுக்குச் சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு.

துப்பாக்கியின் மீது ஆசை வந்து முதல் ரைபிளோ பிஸ்டலோ வாங்கக் கிளம்புகிறவர்கள் இந்தக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். கடைக்காரரிடம் புதியவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "பவர் எவ்வளவு?" என்பதாகத்தான் இருக்கிறது. இலக்குச் சுடுதலில் அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. இந்தத் துப்பாக்கி ஒரே காரியத்தை எத்தனை முறை மாறாமல் செய்யும் என்பது முதல் கேள்வி. இது என் உடம்புக்குப் பொருந்துமா என்பது இரண்டாவது.

ஒலிம்பிக் ஏர் ரைபிளின் பவர் உண்மையில் மிகக் குறைவு. பெல்லட் குழலை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் சுமார் 7.5 ஜூல், வேகம் நொடிக்கு 170 மீட்டரை ஒட்டி. இந்தியாவில் உரிமம் இல்லாமல் வாங்கக்கூடிய ஏர் கன்னுக்குச் சட்டம் விதிக்கும் வரம்பு 20 ஜூல். அதில் பாதிகூட உலகச் சாம்பியனுக்குத் தேவைப்படுவதில்லை. பெல்லட் பத்து மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.06 நொடி ஆகும். அந்த நேரத்துக்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் 18 மி.மீ. கீழே இழுத்துவிடும். அரை மில்லிமீட்டர் புள்ளியைக் குறிவைக்கும் இடத்தில் 18 மி.மீ. என்பது பெரிய தொகைதான், ஆனாலும் யாரும் அதற்காகக் கவலைப்படுவதில்லை. சைட்டைச் சற்று உயர்த்தி வைத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். எவ்வளவு விழுகிறது என்பது ஒரு பொருட்டே இல்லை. 60 முறையும் அதே அளவு விழ வேண்டும், அவ்வளவுதான். வேகம் கூடுவதைவிட வேகம் மாறாமல் இருப்பதற்காகத்தான் இந்தத் துப்பாக்கிகளுக்கு இத்தனை விலை கொடுக்கிறார்கள்.

மெரினா கடற்கரையில் பலூன் சுடும் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். குழலை மடக்கினால் உள்ளே ஒரு ஸ்பிரிங் சுருளும். விசையை இழுத்ததும் ஸ்பிரிங் விடுபட்டு ஒரு பிஸ்டனை முன்னால் தள்ளும், பிஸ்டன் காற்றை அழுத்தும், காற்று பெல்லட்டைத் தள்ளும். கனமான பிஸ்டன் முன்னே பாயும்போது நியூட்டனின் மூன்றாம் விதிப்படி துப்பாக்கி பின்னே உதைக்கும். பிஸ்டன் அழுந்திய காற்றில் மோதித் தடைபடும் கணத்தில் துப்பாக்கி முன்னே துள்ளும். இந்த இரண்டு உதறலும் பெல்லட் இன்னும் குழலுக்குள் இருக்கும்போதே நடந்து முடிந்துவிடும். கை எப்படிப் பிடித்திருக்கிறதோ அதற்கேற்ப உதறலின் போக்கும் மாறும். பிடியை ஒரு துளி இறுக்கினாலும் பெல்லட் வேறு இடத்துக்குப் போகும்.

போட்டித் துப்பாக்கிகளின் வரலாறு என்பது பெரும்பாலும் இந்த உதறலை ஒழித்த வரலாறு. ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃப் நகரத்து ஃபைன்வெர்க்பாவ் நிறுவனம் துப்பாக்கியின் இயங்கு பாகம் முழுவதையும் ஒரு தண்டவாளத்தில் வழுக்கிப் பின்னே போகும்படி அமைத்தது. உதறல் தோளில் பதியும் கட்டைக்கும் தோளுக்கும் வந்து சேருவதற்குள் பெல்லட் போய்விடும். எதிரெதிராக ஓடும் இரண்டு பிஸ்டன்களை வைத்து ஒன்றின் உதையை மற்றொன்றால் அடக்கிய டயானா துப்பாக்கிகளும் இருந்தன. 1970-களில் ஸ்பிரிங்கை விட்டுவிட்டு, நெம்புகோலால் ஒரே அழுத்தில் காற்றை அடைத்து வைக்கும் முறை வந்தது. அதற்குப் பின் கார்பன் டை ஆக்சைடு. இன்று எல்லாமே 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பிய சிலிண்டர்கள்தாம். சிலிண்டரில் அழுத்தம் குறைந்துகொண்டே வந்தாலும், இடையில் இருக்கும் ரெகுலேட்டர் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே அழுத்தத்தைத்தான் வெளியே விடும். காற்று பாயும்போது ஏற்படும் மிச்ச உதறலைக்கூட எதிர்த்திசையில் நகரும் ஒரு சிறு எடையை வைத்து அடக்கிவிடுகிறார்கள்.

இவ்வளவு செய்தபின் கிடைப்பதைத் துப்பாக்கிப் பெட்டிக்குள்ளேயே பார்க்கலாம். நல்ல போட்டித் துப்பாக்கியுடன் தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்த ஒரு சிறு அட்டை வரும். இரும்புப் பிடிப்பானில் பூட்டிச் சுட்ட பெல்லட்டுகள் எல்லாம் ஒரே ஓட்டையாக விழுந்திருக்கும். ஐந்து பெல்லட் போன தடம் என்று சொன்னால்தான் தெரியும். மனிதக் கை அதில் தலையிடாத வரை இந்தக் கருவி கிட்டத்தட்டத் தவறே செய்வதில்லை என்பதற்கு அந்த அட்டை சாட்சி. நடுத்தர விலையில் உள்ள துப்பாக்கியிலும் ஓட்டை சற்றுத்தான் பெரிதாக இருக்கும். ஆகவே தொடக்கநிலையில் இருப்பவர், இருப்பதிலேயே துல்லியமான குழலைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவருடைய கையின் அசைவு எந்தக் குழலின் பிழையையும்விடப் பல மடங்கு பெரிது.

குழலுக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் தெளிவாகச் சொன்னவருக்கும் கடலூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. பெஞ்சமின் ராபின்ஸ் ஆங்கிலேயக் கணித அறிஞர். 1742-இல் பீரங்கிக் கலை பற்றி அவர் எழுதிய நூலைக் கணித மேதை ஆய்லரே ஜெர்மனில் மொழிபெயர்த்து விளக்கம் எழுதினார். தொங்கும் மரக்கட்டையில் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு ஆடுகிறது என்பதைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிட்டவர் அவர். வழவழப்பான குழலிலிருந்து போகும் உருண்டைக் குண்டு, குழலின் சுவரில் உராய்ந்து ஏதோ ஒரு பக்கமாகச் சுழலத் தொடங்கும். எந்தப் பக்கம் சுழல்கிறதோ அதற்கேற்பக் காற்று அதை ஒரு பக்கமாக வளைத்துக்கொண்டு போகும். குழலுக்குள் திருகுப்புரிகளை வெட்டினால் குண்டு தான் போகும் திசையையே அச்சாகக் கொண்டு சுழலும். அப்போது வளைவதற்குக் காரணம் இல்லாமல் போகும். இதை விளக்கி ராயல் சொசைட்டியில் 1747-இல் அவர் கட்டுரை படித்தார். முட்டை வடிவக் குண்டை, கனமான முனை முன்னால் இருக்கும்படி சுட்டால் இன்னும் நன்றாகப் போகும் என்றும் அதில் சொன்னார். கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைச் சீரமைக்க அவரை அனுப்பியது. 1750-இல் வந்தவர், மறு ஆண்டு ஜூலையில் கடலூர் தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்துபோனார். வயது 44-ஐத் தாண்டவில்லை. ரைபிள் படிக்கிற எந்தத் தமிழ் மாணவருக்கும் இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்றைய ஏர் ரைபிள் குழலில் புரி சுமார் 450 மி.மீ.க்கு ஒரு சுற்று. 170 மீட்டர் வேகத்தில் பெல்லட் நொடிக்கு ஏறத்தாழ 380 முறை சுழன்றபடி போகிறது. பெல்லட்டின் வடிவத்தையும் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். தலை தட்டை, இடுப்பு ஒடுங்கியது, பின்னால் உள்ளே குடைந்த மெல்லிய பாவாடை. தட்டைத் தலை காகிதத்தில் வட்டமாக, பிசிறில்லாமல் ஓட்டை வெட்டுவதற்காக. பாவாடை மெல்லியதாக இருப்பதால் காற்றழுத்தத்தில் விரிந்து புரிகளோடு ஒட்டிக்கொள்கிறது, காற்று கசிவதில்லை. எடை தலைப்பக்கம் இருக்கிறது, காற்றின் தடை பின்பக்கத்தைப் பிடித்து இழுக்கிறது. அதனால் சுழற்சி இல்லாமலேகூட அது ஓரளவு நேராகப் போகும். கனமான பக்கம் முன்னே என்று ராபின்ஸ் சொன்னது இங்கே வேறு உருவத்தில் வந்து நிற்கிறது.

பெல்லட் டின்னின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 4.49, 4.50, 4.51 என்று ஓர் எண் இருக்கும். தலையின் விட்டம் அது. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசம் எதற்கு என்று தோன்றும். ஒவ்வொரு குழலும் வெட்டப்பட்ட விதத்தில் தன் இயல்பைக் கொண்டிருக்கிறது, ஒன்றுக்கு 4.49 ஒத்துப்போகும், அதே நிறுவனம் அதே வாரத்தில் செய்த இன்னொன்றுக்கு 4.50 ஒத்துப்போகும். சூத்திரம் வைத்து முன்கூட்டிச் சொல்ல முடியாது. பிடிப்பானில் பூட்டி ஒவ்வோர் அளவிலும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒத்துப்போனது கிடைத்துவிட்டால் அந்தத் தொகுதி எண் உள்ள டின்களையே மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஷாட்டுக்கு 0.1 என்றால் 60 ஷாட்டில் 6 புள்ளி. பாரிஸில் ஐந்து இடத்தைத் தீர்மானித்தது 0.8 என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள். புதிய ரைபிளுக்குப் பல ஆயிரம் கூடுதலாகக் கொடுப்பதைவிட, இருக்கிற ரைபிளுக்குச் சரியான பெல்லட்டைத் தேடுவது பணத்துக்கு நல்ல பலன் தரும்.

50 மீட்டர் போட்டிக்கான 0.22 ரைபிளுக்கு வந்தால் இந்தத் தேடல் ஒரு தனி உலகமாகவே விரிகிறது. ஷூட்டர்கள் தங்கள் ரைபிளைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் உள்ள ஈலி தொழிற்சாலைக்கும், ஜெர்மனியின் ஷோனெபெக்கில் உள்ள லாபுவா சோதனைக்கூடத்துக்கும் போகிறார்கள். அங்கே மூடிய சுரங்கம் போன்ற ரேஞ்சில் ரைபிளைப் பிடிப்பானில் இறுக்கி, ஒரு தொகுதித் தோட்டா, அடுத்த தொகுதி, அடுத்தது என்று சுட்டுக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு தொகுதியும் போட்ட துளைக்கூட்டத்தின் அகலம் திரையில் எண்ணாக வந்து விழும். வெளியே இருந்து பார்க்க எல்லாத் தோட்டாவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் இந்தத் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிவிளிம்பின் உட்பள்ளத்தில் ஈரமாகச் சுழற்றிப் பரப்பப்படுகிறது. அது பரவிய விதத்தில் நுண்ணிய ஏற்ற இறக்கம் வந்தாலும் வேகம் மாறும். வேகம் நொடிக்கு 325 மீட்டர் என்றால், 50 மீட்டருக்குள் தோட்டா சுமார் 12.5 செ.மீ. கீழிறங்குகிறது. வேகத்தில் 5 மீட்டர் கூடிக் குறைந்தால் விழும் இடம் கிட்டத்தட்ட 4 மி.மீ. மேலும் கீழும் மாறும். அந்தப் போட்டியின் 10-வளையத்துக்கு விட்டமே 10.4 மி.மீ.தான். தோட்டாவின் வேகத்தையும் 330-க்கு மேல் கொண்டுபோகாமல் வேண்டுமென்றே அடக்கித்தான் செய்கிறார்கள். ஒலியின் வேகத்தைத் தொட்டு மீண்டும் கீழிறங்கும் தோட்டா அந்த எல்லையில் தள்ளாடும்.

இதில் என்னை எப்போதும் வியக்க வைப்பது குழலின் அதிர்வு. சுடும்போது எஃகுக் குழல் விறைப்பாக நிற்பதில்லை. முனை மேலும் கீழுமாக நுண்ணிதாக ஆடுகிறது. முனை மேலேறிக்கொண்டிருக்கும் கணத்தில் தோட்டாக்கள் வெளியேறும்படி அமைத்துவிட்டால் ஓர் அற்புதம் நடக்கிறது: வேகமான தோட்டா முந்தி வெளியேறும், அப்போது முனை சற்றுத் தாழ்ந்திருக்கும். மெதுவான தோட்டா பிந்தி வரும், அதற்குள் முனை உயர்ந்திருக்கும். அதிகம் விழப்போகிற தோட்டாவுக்குக் குழலே கொஞ்சம் உயரம் கொடுத்து அனுப்புகிறது. இரண்டும் ஒரே இடத்தில் போய்ச் சேரும். குழல் முனையில் ஒரு சிறு எடையை முன்னும் பின்னும் நகர்த்தி இந்தக் கணத்தைத் தேடிப் பிடிக்கிறார்கள். ஒரு தோட்டாத் தொகுதி ஒரு ரைபிளில் தங்கமாகவும் இன்னொன்றில் தகரமாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிஸ்டலுக்கு வருவோம். இங்கே குழலைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. ஏர் பிஸ்டல் இலக்கில் 10-வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ., எந்தப் போட்டிப் பிஸ்டலும் அதைக் கண்மூடி அடிக்கும். ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்துச் சுட வேண்டும் என்பதுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 320 மி.மீ. பின்சைட்டின் பிளவில் முன்சைட் ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கி நின்றால், பத்து மீட்டரில் பெல்லட் சுமார் 31 மி.மீ. விலகும். 10 எடுக்க வேண்டியவர் 7 எடுப்பார். மாறாக, இரண்டு சைட்டும் நேராக இருந்து, கை முழுவதும் அப்படியே 5 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் பெல்லட்டும் 5 மி.மீ.தான் நகரும். அது இன்னும் 10-தான். அதனால்தான் பயிற்சியாளர்கள் "இலக்கைப் பார்க்காதே, சைட்டைப் பார்" என்று ஓயாமல் சொல்கிறார்கள். கை ஆடுவதை மன்னிக்கும் கணிதம், மணிக்கட்டு ஒடிவதை மன்னிப்பதில்லை.

இந்தக் கணக்கை வைத்துத்தான் பிஸ்டலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சோதனை எளிது, கடையிலேயே செய்யலாம். காலி என்று உறுதி செய்துகொண்ட பிஸ்டலைக் கையில் பொருத்துங்கள். இலக்குச் சுவரைப் பார்த்து நின்று கண்களை மூடுங்கள். வழக்கமாகத் தூக்குவது போலக் கையைத் தூக்கி, வசதியாக நிற்கும் இடத்தில் நிறுத்தி, கண்ணைத் திறங்கள். முன்சைட் பிளவின் நடுவில் நின்றால் அந்தப் பிடி உங்களுடையது. இடதுபுறமோ மேற்புறமோ ஒதுங்கி நின்றால், ஒவ்வொரு ஷாட்டிலும் மணிக்கட்டை முறுக்கித் திருத்திக்கொண்டே இருக்கப்போகிறீர்கள். நாற்பதாவது ஷாட்டில் மணிக்கட்டு சோர்ந்ததும் அது தன் இயல்பான இடத்துக்கே திரும்பும், பெல்லட்டும் அங்கேயே போகும். ஒருமுறை சரியாக வந்தால் நம்பிவிடாதீர்கள். பிஸ்டலை வைத்துவிட்டு மறுபடி எடுத்து, மறுபடி கண் மூடித் திறந்து பாருங்கள்.

வால்நட் மரத்தில் செய்த பிடி சிறியது, நடுத்தரம், பெரியது என்ற அளவுகளில் வரும். கோணத்தைச் சாய்க்கவும் திருப்பவும் உள்ளே திருகுகள் உண்டு. அப்படியும் முழுதாகப் பொருந்துவது அரிது. அனுபவமுள்ளவர்கள் அரத்தை எடுத்து, கட்டைவிரல் உட்காரும் பள்ளத்தைக் கொஞ்சம் ஆழமாக்குவார்கள், உள்ளங்கைக்கும் மரத்துக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் மரப்பசை வைத்து நிரப்புவார்கள். பல லட்சம் பெறுமான பிஸ்டலில் அரத்தை வைக்கப் பலருக்கும் மனம் வராது. ஆனால் அரம் படாத பிடியைச் சாம்பியன்களிடம் பார்ப்பதுதான் அபூர்வம். கீழே உள்ளங்கையின் ஓரத்தைத் தாங்கும் பலகை கையை இறுக்கக் கூடாது, தொட்டுக்கொண்டிருந்தால் போதும். இறுக்கிப் பிடித்தால் நாடித்துடிப்பு முன்சைட்டில் தெரியும்.

அடுத்தது விசை. ஏர் பிஸ்டலின் விசைக்கு 500 கிராம் குறைந்தபட்ச எடை என்பது உலகப் போட்டி விதி. பிஸ்டலைக் குழல் மேலே பார்க்கும்படி நிறுத்தி, 500 கிராம் எடைக்கல்லை விசையில் மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். கல் தரையை விட்டு எழும்பும் வரை விசை விழாமல் தாங்க வேண்டும். பிஸ்டலின் எடையே ஒரு கிலோவை ஒட்டித்தான். அதாவது துப்பாக்கியின் பாதி எடைக்குச் சமமான அழுத்தத்தை ஒற்றை விரல் கொடுக்கிறது. அது நேர்ப்பின்னாக இழுக்காமல் சற்றுப் பக்கவாட்டில் தள்ளினால் சைட் கலைந்துவிடும். கலைந்த மில்லிமீட்டர் என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம். ஆகவே விசைக்கட்டையை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் நகர்த்தி, சுட்டுவிரலின் முதல் கணுச்சதை நடுவில் நேராக அமரும்படி வைக்க இடம் கொடுக்கும் பிஸ்டலாகப் பார்த்து வாங்குங்கள். எடையைவிட, எந்தக் கணத்தில் விழும் என்பதில் விசை மாறாமல் இருக்க வேண்டும். முதல் கட்டம் தளர்வாக வந்து ஒரு சுவரில் முட்டுவதுபோல நிற்க வேண்டும். அதன்பின் ஒரு சிறு அழுத்தத்தில் கண்ணாடி உடைவது போலத் தெளிவாக விழ வேண்டும். சவசவவென்று இழுபடக் கூடாது. ரைபிள் விசைக்கு இந்தக் குறைந்தபட்ச எடை கிடையாது என்பதால் அங்கே மிக இலேசாக வைத்துக்கொள்கிறார்கள்.

எலெக்ட்ரானிக் விசை வேண்டுமா என்ற கேள்வி கட்டாயம் வரும். தெளிவும் ஒழுங்கும் அதில் அதிகம் என்பது உண்மை. அதில் மின்சுற்று இருக்கிறது என்பதும் உண்மை. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் கோளாறாகி, அதைச் சரிசெய்வதற்குள் கால் மணி நேரத்துக்கும் மேல் கரைந்தது. மிச்ச நேரத்தில் அவசரமாகச் சுட்டு 575 எடுத்தார். இறுதிச் சுற்று 2 புள்ளியில் தவறியது. மூன்று ஆண்டு கழித்துப் பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றது அவருடைய மன உறுதி. தொடங்குகிறவருக்கு என் வாக்கு இயந்திர விசைக்குத்தான். ஊரில் பழுது பார்க்கத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று விசாரிக்காமல் எதையும் வாங்க வேண்டாம்.

பாரிஸ் என்றதும் துருக்கியின் யூசுஃப் டிகேச் நினைவுக்கு வருவார். சாதாரணக் கண்ணாடி, டி-ஷர்ட், ஒரு கை பாக்கெட்டில் என்று வந்து வெள்ளி வென்ற படம் உலகம் முழுக்கச் சுற்றியது. "கருவியே இல்லாமல் வென்றார்" என்று பலர் எழுதினார்கள். அவர் விட்டுவிட்டது லென்ஸ், கண்மறைப்பு போன்ற துணைப்பொருள்களைத்தான். கையில் இருந்தது மற்றவர்களிடம் இருந்த அதே தரத்துப் போட்டிப் பிஸ்டல். மறு கையைப் பாக்கெட்டில் வைப்பது தோள் ஆடாமல் இருக்கப் பிஸ்டல் ஷூட்டர்கள் பலரும் செய்வது. பணம் எங்கே போக வேண்டும், எங்கே போக வேண்டியதில்லை என்பதை அந்தப் படத்திலிருந்து படித்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் வாங்கும் வழி இரண்டாகப் பிரிகிறது. 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் ரைபிள், ஏர் பிஸ்டலுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அடையாளச் சான்றோடு கடைக்குப் போனால் போதும். 0.22 முதலான வெடிமருந்துத் துப்பாக்கி எதுவானாலும் 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். காவல்துறை விசாரணை உண்டு, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று கேட்பார்கள். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கையும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. உரிமம் வரும் வரை காத்திருக்கும் மாதங்களை வீணாக்க வேண்டியதில்லை. சென்னை, கோவை, மதுரை என்று பல ஊர்களில் ரைபிள் கிளப்கள் இருக்கின்றன. உறுப்பினராகச் சேர்ந்து கிளப் துப்பாக்கியில் ஏர் பயிற்சியைத் தொடங்கிவிடலாம். பத்து மீட்டரில் கற்றுக்கொள்வது எதுவும் ஐம்பது மீட்டரில் வீணாகாது.

உரிமம் வேண்டாம் என்பதால் ஏர் கன் விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. 7.5 ஜூல் பெல்லட் கண்ணை நிரந்தரமாகப் பறிக்கும். மொட்டைமாடியில் காகத்தையும் புறாவையும் குறிபார்க்க வாங்குகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையில் ஒன்றும் இல்லை. பெல்லட்டைத் தடுத்து விழுங்கும் பெட்டி, பக்கவாட்டில் யாரும் குறுக்கே வர முடியாத அறை, பூட்டுள்ள பெட்டி ஆகியவை துப்பாக்கியோடு சேர்த்து வாங்க வேண்டியவை. ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது.

போட்டித் துப்பாக்கி புதிதாகச் சில லட்சம் ரூபாய் ஆகும் என்பதால் பலரும் பழையதைத் தேடுவார்கள். தேடலாம், தவறில்லை. குழல் எளிதில் தேயாது, பார்க்க வேண்டியது அதன் முனையை. முனையின் உள்விளிம்பில் சிறு வெட்டோ நசுங்கலோ இருந்தால், பெல்லட் வெளியேறும் கணத்தில் காற்று ஒரு பக்கமாக முந்திப் பீறிட்டுப் பெல்லட்டின் பாவாடையைத் தள்ளிவிடும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். அடுத்து சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதி. 200 பார் அழுத்தத்தை ஓயாமல் தாங்கி இறங்கும் உலோகம் களைப்படையும் என்பதால் தயாரிப்பாளர்கள் பொதுவாக 10 ஆண்டு ஆயுள் வைக்கிறார்கள். காலாவதியான சிலிண்டரோடு போட்டிக்குப் போனால் சோதனையில் நிறுத்தப்படலாம், அது உடம்புக்கும் ஆபத்து. "ரொம்ப மலிவு" என்று வரும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு விலை குறைந்த காரணம் இந்தத் தேதியில் இருக்கும். புது சிலிண்டரின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பேரம் பேசுங்கள். சுட்டுப் பார்க்க அனுமதிக்காதவரிடம் வாங்க வேண்டாம்.

பிள்ளைகளுக்காக வாங்கும் பெற்றோரிடம் ஒன்றை அழுத்திச் சொல்வேன். "வளர்ந்தாலும் உதவும்" என்று ஐந்து கிலோவை நெருங்கும் பெரியவர்களுக்கான ரைபிளைப் பதினோரு வயதுப் பிள்ளையின் தோளில் வைக்காதீர்கள். எடையைத் தாங்க முடியாமல் பிள்ளை இடுப்பைப் பின்னால் வளைத்து, முதுகெலும்பில் சுமையை ஏற்றும். அந்த நிலை உடம்புக்குப் பழகிவிட்டால் பின்னர் திருத்துவது பெரும்பாடு. இளையோருக்கென்று எடை குறைந்த, கட்டையின் நீளத்தையும் கன்னம் சாயும் பலகையின் உயரத்தையும் மாற்றக்கூடிய ரைபிள்கள் இருக்கின்றன. கிளப்பில் அதை முதல் ஆண்டு இரவலாகவே பெறலாம். பிள்ளை நின்று, கன்னத்தைப் பலகையில் சாய்த்து, கழுத்தை வளைக்காமல் பின்சைட்டின் துளைக்குள் கண் தானாக விழுகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். விழாவிட்டால் பலகையை உயர்த்துங்கள். உயர்த்த வழியில்லாத ரைபிள் என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.